சேவூர்க் கழனியில் கோ-கோ

ஸ்வர்ணலதாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆரணியில் ஒரு சின்னக் கல்லூரியில் பி.டி. மேடம். அந்த வாய் மட்டும் இல்லையென்றால் அவருடைய கோ-கோ டீம் இன்றைக்கும் கல்லூரி வாசலைத் தாண்டியிருக்காது.

மண்டலக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எல்லாப் போட்டியையும் வேலூரில்தான் வைக்கும். வீடுகளில் பெண்களை அனுப்பினால்தானே! டீமிலேயே பிரமாதமாக ஓடுகிற இளமதியின் அம்மா சிவசங்கரி, தறியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "ஊர் உட்டு ஊர் போயி பொண்ணு ஓட வேணாங்க மேடம்." மற்ற அம்மாக்களும் அதே பாட்டுதான்.

பெண்கள் போக முடியாவிட்டால் போட்டி இங்கே வரட்டும் என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டார் ஸ்வர்ணலதா. செயலாளர் ஜெகநாதன் சிரித்தார்.

"கிரவுண்டே இல்லாத காலேஜும்மா உங்களுது."

"கிரவுண்டு நான் காட்டறேன் சார். நீங்க தேதியக் குடுங்க."

என்ன தைரியம் பாருங்கள்! கையில் ஒரு முழ மண் கிடையாது.

தேதி கிடைத்ததும், ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரில் அறுப்பு முடிந்த கழனி ஒன்றைக் கெஞ்சி வாங்கினார். பெண்களோடு தானும் இறங்கி மண்ணை வெட்டிச் சமன்செய்து, ரோலர் இழுத்து, கம்பம் நட்டார்.

போட்டியன்று விடியும்போதே மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்திலேயே போட்டி என்று வேடிக்கை பார்க்க வந்த அம்மாக்கள் வரப்பில் நின்றார்கள். கழனி நாற்று நடலாம்போல் கிடந்தது.

"பேஜாரா பூட்ச்சும்மா. வேலூருக்கே மாத்திடறேன்" என்றார் ஜெகநாதன். மாற்றினால் இளமதிகள் ஆடாமலே தோற்றுப்போவார்கள்.

"மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்!"

ஸ்கூட்டரில் ரைஸ்மில்லுக்குப் பறந்தார். டிராக்டரில் உமி வந்து இறங்கியது. கொட்டுவதும், ஈரம் குடித்ததை வாருவதும், மறுபடி கொட்டுவதுமாக ஒரே அமளி. சும்மா நிற்க மனசு வராமல் சிவசங்கரியும் புடவையைச் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினார்.

வெயில் ஏறியதும் ஜெகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். விசிலை எடுத்தார்.

அப்புறம் இளமதி ஓடினாள் பாருங்கள், அப்பப்பா! எதிர் டீம் பெண்கள் துரத்தித் துரத்தி மூச்சு வாங்கினார்கள். கோப்பை ஆரணிக்கு! ஸ்வர்ணலதா எல்லார் முன்னாலும் அழுதார். பெருமை தாங்காவிட்டால் மனுஷி அழக்கூடாதா என்ன?

ஜெயித்த டீம் அடுத்து சென்னையில் ஆடவேண்டும் என்று ஜெகநாதன் மைக்கில் சொன்னதும் ஆரவாரம் அடங்கியது. பெண்கள் அம்மாக்களின் முகத்தைப் பார்த்தார்கள். சிவசங்கரி புடவையெல்லாம் உமியோடு நேராக மேடத்திடம் வந்தார்.

"சென்னைக்கு எத்தினி மணிக்கு மேடம் பஸ்ஸு? எனக்கும் சேத்து ஒரு சீட்டு போடுங்க. எம்பொண்ணு அங்க ஓடறதையும் நான் பாக்கணும்."