நிலக்கரிக்கு வைத்த செம்பருத்தி

காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு அப்பா சைக்கிளைக் கழுவி நிறுத்துவார், அம்மா அரிவாள்மணையை வைப்பாள். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் மாமா அலுவலகத்து நுண்ணோக்கியையே கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் பன்னிரண்டு சின்னப் போத்தல்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பூமியைத் துளையிட்டு ஆராயும் அலுவலகத்தில் வேலை. நிலக்கரியைப் பொடித்து அமிலத்தில் ஊறவைத்து, வாரக்கணக்கில் கழுவி மிஞ்சிய சேறுதான் போத்தல்களில் இருந்தது. மனிதனே பிறக்காத காலத்து மகரந்தம் அதில் இருக்கிறதாம். என்னையும் பார்க்கவிட்டார். பழுப்பாய்ப் பொட்டுப் பொட்டாய்த் தெரிந்தது. இவ்வளவு வயதான பூவுக்கு வாசனை இருக்குமா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

அலுவலகத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இந்தப் பன்னிரண்டும் சரியாக வந்தால் நுண்ணோக்கி மேசை வேலையை மாமாவுக்கே எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் பழையபடி காட்டில் துளைபோடும் வேலைதான்.

“மாமாவுக்காக நல்லா கும்பிடு லா,” என்றாள் அம்மா.

நான் கும்பிட்டதோடு நிற்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனதும், மூடியிருந்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று போத்தல்களைத் திறந்தேன். வேலிச் செம்பருத்தியைப் பறித்து ஒவ்வொன்றின் வாயிலும் கவிழ்த்தேன். பூசையில் வைத்ததை மறுநாள்வரை யாரும் தொடமாட்டார்கள். விடிந்ததும் முதல் ஆளாய் எழுந்து பூக்களை எடுத்துவிட்டு மூடிகளைத் திருகி வைத்ததும் நான்தான்.

அடுத்த வாரம் மாமா ஒரு தாளுடன் வந்தார். ரம்புத்தான் பழம் போல உருண்டையாக, சுற்றிலும் முள்ளோடு ஒரு படம். துரை வரைந்ததாம். பழங்காலச் சேற்றில் நேற்றுப் பூத்த செம்பருத்தியின் மகரந்தம் எப்படி வந்தது என்று கேட்டாராம்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. “அது என் பூ மாமா!” என்று குதித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாப் போத்தலையுமா தொறந்த?”

“ஒண்ணு விடாம!”

தாளை மடித்து என் கையில் கொடுத்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். தன் கவனக்குறைவுதான் என்று துரையிடம் சொல்லிவிட்டு, மறுமாதமே காட்டுக்குப் போனார்.

துரையே வரைந்த என் பூ என்று அந்தப் படத்தைப் பள்ளி முழுக்கக் காட்டினேன். எல்லாப் போத்தலையுமா என்று மாமா கேட்டது பாராட்டு என்றே நினைத்திருந்தேன். ஒரு போத்தலையாவது நான் மறந்திருக்க மாட்டேனா என்று ஏங்கித்தான் அவர் கேட்டார்.