பிரேக் லைட் எரியுதா?

மலை இறங்கும் வளைவில் பிரேக் பிடித்தேன். பின்னால் வந்த பால் வேன் கிறீச்சிட்டு, என் டிக்கிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், பிரேக் போட்டா பின்னாடி லைட்டு எரிய வேணாமா? வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?"

சாலையில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான். ஹாரன் மாதிரி அதுவும் ஒரு சத்தம். எனக்கு மட்டும் அது கேள்வியாகவே விழுந்தது. மனைவி இறந்த பிறகு கீழே சமவெளியில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, இந்தக் கிழட்டுக் காரோடு ஜவ்வாது மலைக்கு ஏறியவன் நான். கதவைப் பூட்டுவேன், பூட்டை இழுத்துப் பார்ப்பேன், கிளம்புவேன். பூட்டிடம் என்ன சொல்வது?

திருப்பத்தூர் போகாமல் வீட்டுக்கே திரும்பினேன்.

பானெட்டைத் திறந்தேன். பிரேக் எண்ணெய் போகும் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்சைத் திருகி மாட்டியிருக்கும். மிதியை அழுத்தினால் எண்ணெய் அதை அழுத்தும். உள்ளே இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும். பின்னால் சிவப்பு எரியும். அதற்கு வரும் இரண்டு ஒயர்களையும் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, சாவியைத் திருப்பிவிட்டுப் பின்பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன். இரண்டு விளக்கும் எரிந்தன. பல்பு சரி, ஒயர் சரி. சுவிட்ச்தான் செத்திருக்கிறது.

டிக்கியில் புது சுவிட்ச் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். சாவியை அணைத்து, பழையதைக் கழற்றி, காற்றுப் புகுவதற்குள் புதியதைத் திருகி, ஒயர்களை மாட்டினேன். சாவியைத் திருப்பி மிதித்துப் பார்த்தேன். மிதி கல் மாதிரி நின்றது; காற்று ஏறவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. மிதி முன்னால், விளக்கு பின்னால். ஒரே உடம்பு இரண்டு இடத்தில் நிற்காது. இத்தனை வருஷமும் இந்த வேலையில் பாதி அவளுடையது. கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நிற்பாள். "எரியுது, போதும், சாப்பிட வாங்க" என்பாள், பாதி நேரம் பார்க்காமலே.

மிதியில் கல்லைத் தூக்கி வைத்தேன், சரிந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து பின்னால் வேலியில் சாய்த்துவிட்டு, உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் வெயில். வெயிலில் புளியமரம். மரத்தடியில் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் சாலைக்குக் கீழே இருக்கும் வீட்டு அம்மா, தலையில் புளி மூட்டையோடு வந்தார். நான் குடிவந்த நாள் முதல் எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான்.

"இன்னா சார், வண்டி படுத்துக்கிச்சா?"

"இல்லீங்க. பின்னாடி நின்னு, செவப்பு லைட்டு எரியுதான்னு சொன்னா போதும்."

"அவ்ளோதானா? தள்ளச் சொல்லுவியோன்னு பயந்துட்டேன்."

மிதித்தேன். "எரியுதுங்களா?"

"எரியுது."

விட்டேன்.

"பூடுச்சு."

மிதித்தேன். "இப்போ?"

"எரியுது. மாரியாத்தா கண்ணாட்டம்."

"இப்போ?"

"சார், எரியுதுன்னா எரியுது! தலையில மூட்டை கீது. எத்தினி வாட்டி கேப்ப?"

முதல் மிதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் பின்னாலிருந்து வந்த அந்தக் குரலுக்காக. பதறி இறங்கி மூட்டையைப் பிடிக்கப் போனேன். "வுடு சார், வூடு இதோ கீது" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். வேலியில் கண்ணாடி இன்னும் வெயிலைக் காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் வாசலில் காரை நிறுத்தினேன். தார்ப்பாயில் புளியைப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"திருப்பத்தூர் வரைக்கும் போய்ட்டு வர்றேங்க."

நிமிர்ந்து பார்த்தார். "எங்கிட்ட எதுக்கு சார் சொல்ற?"

"சும்மா. சொல்லிட்டுப் போலாம்னுதான்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "அப்போ வரும்போது கல்லுப்பு ரெண்டு பாக்கெட் வாங்கினு வா. புளிக்குப் போடணும். மறந்துடாத, இன்னிக்கே வேணும்."

முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ஒரு வண்டியும் இல்லை. கல்லுப்பு, கல்லுப்பு என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.