பால்சாமி போட்ட ஜாமீன் கையெழுத்து

எண்பத்து மூன்றாம் வருசம், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த பால்சாமி வயிற்றுவலி என்று லீவு போட்டார். அவருக்கு வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. யாராவது வராமல் போனால் நம்மை உள்ளே கூப்பிடுவார்களா என்று மில் கேட்டில் பதிலி ஆளாகப் பதினோரு நாள் நின்று நின்று திரும்பிப்போன இருளப்பசாமிக்குச் சம்பளம் கிடைக்கட்டும் என்றுதான் அந்த வலி வந்தது. மறுநாளும் வந்தது. இது இருளப்பசாமிக்குத் தெரிய நாலு மாசம் ஆயிற்று. டைம் கீப்பர் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். போய்க் கேட்டதற்கு, "வயித்துவலி என்ன ஆளு பாத்தா வருது?" என்று சொல்லிவிட்டுப் பால்சாமி தன் மிஷினைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த மனுசரிடம் போய்ப் பொய் சொன்னோமே என்பதுதான் இருளப்பசாமியை வருசக்கணக்கில் அரித்தது.

பால்சாமிக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். வைத்தியநாத சாமி கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் சைக்கிளை எடுப்பார். பேச்சு குறைவு, பேசினால் கொஞ்சம் கிண்டல் இருக்கும். செல்லக்கனி என்று ஒரே மகள். அவள் கல்யாணத்துக்காகக் கறியும் மீனும்கூடக் கணக்குப் பார்த்து வாங்குகிற வீடு.

எண்பத்தொன்பதில் இருளப்பசாமி மகன் சோலைராஜுக்குத் தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் இன்ஜினியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. டொனேஷன், பீஸ், ஹாஸ்டல் என்று கேட்ட தொகையில் இருளப்பசாமிக்குத் தலை சுற்றியது. இதற்குள் அவர் மில்லில் நிரந்தரம் ஆகியிருந்தார். சொந்த ஊர் கான்சாபுரத்தில் இருந்த அரை ஏக்கரை விற்றார், மனைவி பரிபூரணத்தின் சங்கிலியை அடகு வைத்தார். அப்படியும் இருபதாயிரம் இடித்தது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்கு வந்த, பக்கத்துத் தெரு வைகுண்டராஜ் மகனிடம், அந்த வேலைக்கு என்ன சம்பளம் என்று கேட்டார். மூவாயிரத்து ஐநூறு என்றான். மில்லில் பதினாறு வருசம் இருந்தவனே ஆயிரத்து முந்நூறுதான் வாங்கினான். அன்றைக்கே இருளப்பசாமி கணக்குப் போட்டுவிட்டார். பையன் சாப்பாட்டுக்கு ஆயிரம், வீட்டுக்கு ஆயிரம், மிச்சம் ஆயிரத்து ஐநூறு கடனுக்கு. ஒன்றரை வருசத்தில் தீர்ந்துவிடும். வேலை கிடைத்தவனிடம் சம்பளம் கேட்டவர், அவனோடு படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கவில்லை. கேட்கணும் என்று தோன்றவே இல்லை.

மில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் இருபதாயிரம் கடன் கிடைக்கும். ஆனால் இன்னொரு நிரந்தரத் தொழிலாளி ஜாமீன் போடணும். பால்சாமியிடம் போய் நின்றார். பால்சாமி உடனே சரி என்று சொல்லவில்லை.

"கம்ப்யூட்டரப் பத்தி எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. ஒங்க குலசாமிட்டப் பூ கேட்டுட்டு வா. வெள்ளை வந்தா கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

இருளப்பசாமி கான்சாபுரம் காளியம்மனிடம் போனார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒன்றுபோல இலையில் கட்டி அம்மன் முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை என்றால் அம்மன் உத்தரவு. சிவப்பு என்றால் வேண்டாம்.

சிவப்பு வந்தது. கட்டினது சரியில்லை என்று மறுபடி கட்டச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. "அவகிட்ட மல்லுக்கு நிக்காதப்பா" என்றார் பூசாரி. இருளப்பசாமி தட்டில் பத்து ரூபாய் போட்டு மூன்றாம் தரம் கேட்டார். வெள்ளை வந்தது.

மறுநாள் மில்லில், "வெள்ளை வந்துச்சுண்ணே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பால்சாமி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஷிப்ட் முடிந்ததும் வந்து கையெழுத்துப் போட்டார்.

சோலைராஜ் ஒழுங்காகத்தான் படித்தான். கணக்குப் பாடத்தில் இரண்டு பேப்பர் நின்றுபோய், தொண்ணூற்று நாலில் முடித்தான். மெட்ராஸுக்கு நாலு தடவை போய் வந்தான். வேலை கிடைக்கவில்லை. ராஜபாளையத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எழுநூறு ரூபாய்க்குச் சொல்லிக்கொடுத்தான். அதே சமயத்தில் இருளப்பசாமிக்குப் பஞ்சுத் தூசியில் இழுப்பு வந்து, மாசத்தில் பாதி நாள் வேலைக்குப் போக முடியாமல் ஆயிற்று. மூன்று தவணை நின்றதும் சங்கம் தன் விதிப்படி ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடித்தது. மாசம் நானூறு. செல்லக்கனிக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப்போயிற்று.

பால்சாமி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. இருளப்பசாமி கேன்டீனில் அவர் இருக்கிற பக்கம் போகமாட்டார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்று குடிப்பார். பரிபூரணம் காரணம் கேட்டால் இழுப்பு என்பார். காளியம்மன் கோவிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன தெய்வத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

தொண்ணூற்றெட்டில் சோலைராஜுக்கு மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலையே கிடைத்தது. சம்பளம் ஆறாயிரம். ஒன்பது மாசத்தில் பால்சாமியிடம் பிடித்த மொத்தத்தையும் அப்பாவுக்கு அனுப்பிவிட்டான். அதற்குள் பால்சாமி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்த செல்லக்கனி வீட்டோடு போய் இருக்கக் கிளம்பிவிட்டார். இருளப்பசாமி அந்தப் பணத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கே ஓடினார். அடுத்த தை மாசத்தில் பால்சாமி தூத்துக்குடியிலேயே காலமாகிவிட்டார். அன்றைக்குப் பார்த்ததுதான் கடைசி.

பால்சாமி பணத்தை எண்ணாமல் மடியில் முடிந்துகொண்டார். இருளப்பசாமி நகரவில்லை.

"அண்ணே, அன்னைக்கு ரெண்டு தடவ செவப்புதான் வந்துச்சு. மூணாவதுதான் வெள்ளை. அத மட்டும் ஒங்ககிட்டச் சொன்னேன்."

பால்சாமி பையை எடுத்துக்கொண்டு பஸ் பக்கம் திரும்பினார். "அந்த வருசம் செல்லக்கனி ரொம்ப அழுதா" என்றார். பிறகு, "கோவமில்லைன்னு சொன்னா நானும் பொய் சொன்னவனாயிருவேன்" என்றார்.

கண்டக்டர் விசில் அடித்தார். பால்சாமி ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கையை நீட்டி இருளப்பசாமியின் தோளைத் தொட்டார்.

"ஏலே, சோலைராஜுகிட்ட இதச் சொல்லிராத. தாம் படிப்பு பொய்யில வந்ததுன்னு அவன் நெனைக்கக் கூடாது. அவன் கஷ்டப்பட்டுத்தான படிச்சான்."