என் பாட்டும் அண்ணன் சுருதியும்

என் அண்ணனுக்குச் சுருதி என்பது அறவே கிடையாது. இதை நான் யாரிடம் சொன்னாலும் அவன் கோபப்பட்டதில்லை. "எனக்குள்ளதையும் சேத்து உனக்குத் தந்திருக்கில்லா, பின்ன எனக்கு எங்கேருந்து வரும்?" என்பான்.

பாறசாலை முக்கில் அவனுக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. வாரத்தில் சில நாட்கள் கடையைச் சாத்திவிட்டு, என்னை முன்பாரில் உட்காரவைத்து நெய்யாற்றின்கரைக்கு மிதிப்பான். அங்கே ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பாகவதர் வீட்டில் எனக்குப் பாட்டுப் பாடம். வேதக்காரக் குடும்பத்துப் பெண்ணுக்குச் சங்கீதம் சொல்லித் தரலாமா என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. "சுருதிக்கு ஏது ஜாதி?" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். நாங்களும் ஒன்றும் தெரியாமல் போய் நிற்கவில்லை. எங்கள் மிஷன் கோவிலில் பாடுகிற கீர்த்தனைகளுக்கெல்லாம் ராகம் உண்டு, தாளம் உண்டு. பேர்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

பாடம் முடியும்வரை அண்ணன் வெளியே பலாமரத்தடியில் உட்கார்ந்திருப்பான். ஸ்வரவரிசை தொடங்கி ஆலாபனைவரை அத்தனையும் அவன் காதில் விழுந்தது, ஒன்றும் ஒட்டவில்லை. திரும்பி வரும்போது நான் அன்று படித்ததை அவன் பாடிக்காட்டுவான். நான் சிரிக்கிற சிரிப்பில் சைக்கிள் ஆடும். ஆனால் நான் பாடிய ஒரு கச்சேரியையும் அவன் விட்டதில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து, தப்பான இடத்தில் தலையாட்டி, எல்லோருக்கும் முன்னால் கைதட்டுவான். அவன் தலையாட்டும் இடத்தைப் பார்க்காமல் பாடுவதற்கே எனக்குத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது.

ரேடியோவில் நான் பாடியதைக் கேட்டு ஓர் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன்தான் கூட வந்தான். திருவனந்தபுரத்தில் ரயிலேறி, செங்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போனோம். நான் தோடியா பைரவியா என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு போனால், அவர்கள் கையில் தந்தது ஒரு மெல்லிசைப் பாட்டு. "கீர்த்தனை நிறைய இருக்குதும்மா. ஜனங்களுக்குத் தெம்பா ஒண்ணு வேணும்" என்றார் கம்பெனிக்காரர். எழுதியவர் அங்கேயே ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

*வழி திறக்கும், வழி திறக்கும், வாசல்வரை வந்துவிட்டோம்.*

இதுதான் பல்லவி. கிளாரினெட், மாண்டலின், தபலா எல்லாம் குதியாட்டம் போட, நான் ஓடிக்கொண்டே பாட வேண்டும். இரண்டாவது தடவை பல்லவி வந்தபோது, பழக்கதோஷம், ஒரு சங்கதியை இழைத்துவிட்டேன். கம்பெனிக்காரர் கையை உயர்த்தினார். "அம்மா, அழகு போதும். நேரம் இல்லை."

எனக்கு அழுகை வந்தது. வெளியே வந்து அண்ணனிடம், இத்தனை வருஷம் படித்தது இதற்குத்தானா என்று கேட்டேன். அவன் முகமோ திருவிழா பார்த்த முகம். "எனக்கு மனசிலாகிய பாட்டு இதொண்ணுதான் மக்கா" என்றான்.

தட்டு வந்து சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் எல்லைப் போராட்டம் சூடேறியிருந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், மறியல். இரண்டு பேர் நின்று பேசினால் அதுதான் பேச்சு. அதற்கு நடுவில் போய் விழுந்தது என் பாட்டு. சேர வேண்டும் என்றவர்களின் சாயாக்கடையில், வழி என்றால் சென்னைக்குப் போகிற வழி. எதிரே சேரக்கூடாது என்றவர்களின் சாயாக்கடையிலும் அதே தட்டுதான் ஓடியது. அவர்களுக்கு அது வேறு வழி. பூவார் கடற்கரையில் கரமடி வலை இழுக்கிறவர்கள் ஏலேலோவுக்குப் பதில் இதைப் பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். காட்டாக்கடைச் சந்தையில் ஒரு மரச்சீனிக்கிழங்கு வியாபாரி மெட்டை வைத்துக்கொண்டு மலையாளத்தில் சொந்தமாக வரி போட்டிருந்தார். அவருடையது நன்றாகவே இருந்தது.

சபையில் மட்டும் கொஞ்சம் சிக்கல். எங்கள் மூப்பர் ஒருவர் ஆராதனை முடிந்து வாசலில் என்னை நிறுத்தினார். "எல்லாம் சரியாக்கும் பிள்ளே. ஆனா வழியத் திறக்கியது யாருண்ணு பாட்டில சொல்லல்லியே?" என்றார். திறக்கிறவர் பெயரைச் சேர்த்து அவரே ஒரு சரணம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று தப்பித்தேன்.

பாகவதர் தட்டை ஒரே ஒரு முறை கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "குட்டீ, இது பாட்டோ, பஸ்ஸு ஹார்னோ?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த பாடத்தில் என்னை வழக்கத்தைவிட அதிக நேரம் ஒரே ஸ்வரத்தில் நிற்க வைத்தார்.

கடைசிவரை அந்தப் பாட்டை நம்பியவன் என் அண்ணன். கடையில் ஒரு பழைய கிராமபோன் வாங்கி வைத்தான். காலையில் கடையைத் திறந்ததும் சாவி கொடுத்து அதைத்தான் போடுவான். பங்சர் ஒட்டுகிறபோது கூடவே பாடுவான். காற்றடிக்க வந்தவர்கள் சகித்துக்கொண்டார்கள். ஊர்வலத்துக்குப் போகிற சைக்கிள்களில் கொடி கட்டி, பாட்டையும் சொல்லிக்கொடுத்து அனுப்பினான். ஒருநாள் அவனே முன்னால் போனான். போலீஸ் தடியடியில் பலருக்குக் காயம். அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சிறையிலிருந்து வந்தபோது மெலிந்திருந்தான். உள்ளே என்ன நடந்தது என்று கேட்டால், "சோறு தந்தாவ, தின்னோம்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். ஆனால் கிராமபோன் மறுபடி பாடத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம்தான், சேர்ந்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பிறகு கோடு போட்டார்கள். விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு அந்தப் பக்கம் போயிற்று. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா இந்த மலையாளப் பக்கத்திலேயே நின்றது. எங்கள் வீட்டிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே போகலாம். அது இனி வேறு ராஜ்யம். அங்கே வெடி போட்டுக் கொண்டாடிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. வாசல்வரை வந்துவிட்டோம் என்று நான் பாடியது சரியாகத்தான் இருந்தது. வாசலுக்கு அப்பால் போகவில்லை.

அன்று நான் கடைக்குப் போனேன். அண்ணன் கிராமபோன் மூடியைச் சாத்தி, மேலே பழைய டியூபுகளைக் குவித்து வைத்திருந்தான்.

"இனி அந்தப் பாட்டு எனக்குக் கேக்கப்பிடாது" என்றான்.

"பாட்டு என்ன பாவம் செய்தது அண்ணா?"

"பாட்டு ஒண்ணும் செய்யல்ல. நம்பினவனாக்கும் மடையன்."

அதற்குப் பிறகு அவன் என் கச்சேரிக்கு வருவதை விட்டுவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை. வீட்டில் பேசுவான், சிரிப்பான். கச்சேரி என்றால் மட்டும் ஏதாவது வேலை வந்துவிடும். எங்கே போனாலும் ஜனங்கள் கடைசியில் அந்தப் பாட்டைக் கேட்கிறார்கள், நானும் பாடுகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். நான் மேடையில் உட்கார்ந்ததும் முதல் வரிசையைப் பார்ப்பேன். தப்பான இடத்தில் தலையாட்ட ஆளில்லாமல் எனக்குப் பாடவே பிடிக்காமல் போயிற்று. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என் அண்ணனை என் பாட்டே என்னிடமிருந்து பிரித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச காலம் கழித்து அவனுக்குக் கல்யாணம் வந்தது. பெண் களியக்காவிளைப் பக்கம். எங்கள் கோவிலில் கல்யாணம், வீட்டு முற்றத்தில் பந்தல், வெளியே மைக் செட். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெண்வீட்டார் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் அண்ணனோடு சிறைக்குப் போனவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். பாகவதர் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தங்கை இரண்டு பாட்டுப் பாடுவது என்று ஏற்பாடு. நான் பார்த்துப் பார்த்து இரண்டு கீர்த்தனைகளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

முதல் கீர்த்தனை முடிவதற்குள் பெண்ணின் மாமா எழுந்துவிட்டார். நல்ல மனிதர், நல்ல பெரிய குரல்.

"கீர்த்தனை எல்லாம் நாளைக்குக் கோவில்ல கேக்கலாம் மக்களே! அந்த வழி திறக்கும் பாட்ட எடு. எங்களுக்குத்தான் வழி திறந்தாச்சே!"

பெண்வீட்டார் கைதட்டினார்கள். அவர்களுக்கு அது ஜெயித்த பாட்டு. எங்கள் பக்கத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. மாமா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. வேண்டுமென்றே குத்தினார் என்றும் நான் சொல்லமாட்டேன். சந்தோஷத்தில் இருக்கிறவருக்கு எதிரே இருக்கிற முகம் தெரிவதில்லை. மைக் செட்காரன் வேறு, தட்டு தன்னிடமே இருக்கிறது, போடட்டுமா என்று சைகை காட்டினான்.

நான் அண்ணனைப் பார்த்தேன். கோட்டும் மாலையுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாடினால் அவன் கல்யாண நாளில் அவனை நானே அவமானப்படுத்தியதாகும். பாடாவிட்டால் வந்த சம்பந்திகள் முகம் வாடும், பெண்ணின் முகமும் வாடும். ஜலதோஷம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அண்ணன் எழுந்து வந்தான். என் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டான். முன்னால் இருந்தவர்களைப் பார்க்காமல் கடைசி வரிசையையே பார்த்தான். பிறகு பாடத் தொடங்கினான்.

*வழி... திறக்கும்...*

அது என் பாட்டே இல்லை. துள்ளல் இல்லை, ஓட்டம் இல்லை. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு, அவ்வளவு மெதுவாகப் பாடினான். கடைசி வரிசையில் ஒருவர் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அண்ணன் மூச்சு விட்ட இடத்தில் அவரும் மூச்சு விட்டுப் பாடினார். அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். எல்லோரும் அதே நிதானத்தில். இவர்கள் இதைச் சேர்ந்து பாடிப் பழகியவர்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மைக்கில் அண்ணனின் சுருதி பந்தல் முழுக்க அலைந்தது. பல்லவியைத் தொடங்கிய இடம் ஒன்று, முடித்த இடம் வேறொன்று. எதிரே என் குரு. நான் பக்கத்தில் நின்று சரியான சுருதியைப் பிடித்துப் பாடியிருந்தால் அவனை என் பக்கம் இழுத்திருக்கலாம். மேடையில் அப்படிச் செய்யத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவன் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன். அவன் விலகிய இடத்தில் நானும் விலகினேன். இத்தனை காலம் படித்த படிப்பெல்லாம் என் அண்ணனைப் போலவே தப்பாகப் பாடுவதற்கு உதவியது. அழுதுகொண்டேதான் பாடினேன், மறைக்கவில்லை.

முடிந்ததும் கைதட்டல் இல்லை. மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய், கடைசி வரிசையில் இருந்தவரைக் கைபிடித்து அழைத்துவந்து முன்னால் உட்காரவைத்தார். பெண்கள் இலை போடத் தொடங்கினார்கள்.

பாகவதர் கிளம்பும்போது நான் அருகில் போய் நின்றேன்.

"குட்டீ, இன்னு நீ சுருதி விட்டு" என்றார்.

"ஆமா ஐயா, இன்னைக்கு விட்டுட்டேன்."

"நன்னாயி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

விருந்தெல்லாம் அடங்கி ஒரு வாரம் போல ஆனபின் சைக்கிள் கடைக்குப் போனேன். கிராமபோன் மேல் டியூபுகள் இல்லை. மூடி திறந்திருந்தது. தட்டு ஏறியிருந்தது.

"கடைசி வரிசையில நிண்ணு பாடினவருக்கு விலா ஒடிஞ்சுபோச்சு மக்கா" என்றான், நான் கேட்காமலே. "ஜெயில்ல நாங்க பாடினா அவருக்கும் பாடணும். வேகமா பாடினா மூச்சு முட்டும். அதுக்காக எல்லாரும் பைய பாடினோம். திறக்குமோ திறக்காதோ, அந்த மனுசன விட்டுட்டு நாங்க ஒரு வரி தாண்டல்ல."

சாவி கொடுத்து ஊசியை வைத்தான். கிளாரினெட் துள்ளியது, நான் ஓடினேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. குனிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகைப் பிடித்து மெல்லத் திருப்பினான். தட்டு தளர்ந்தது. மாண்டலின் இழுபட்டது. என் குரல் இறங்கி இறங்கி, தடித்து, ஓர் ஆணின் குரலாகி, ஏதோ ஒரு சுருதியில் போய் நின்றது. எந்தக் கம்பெனிக்காரரும் பாகவதரும் சகிக்கமாட்டார்கள்.

"இப்பம் சரியாச்சு" என்றான் அண்ணன். தலையாட்டினான், தப்பான இடத்தில்.