அண்ணி கழுவிவைத்த சூரிய மின்கலம்

கறுப்பாக இருக்க வேண்டிய கண்ணாடித் துண்டு பாதி அழிந்து, மீதி மஞ்சளாகிக் கிடந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு இதத் தொட்டது?" என்று மாடியிலிருந்தே கத்தினேன்.

என் ஆராய்ச்சி பெரோவ்ஸ்கைட் என்ற கலவையில் செய்யும் சூரிய மின்கலத்தில். தீப்பெட்டி அளவுக் கண்ணாடியில் பூசிய மெல்லிய படலம் அது. கறுப்பாக இருக்கும்வரை மின்சாரம் தரும். ஈரம் பட்டு மஞ்சளானால் கதை முடிந்தது. கலவையில் கொஞ்சம் சீசியம் சேர்த்தால் கறுப்பு நிலைக்கும். அயோடினைக் கொஞ்சம் எடுத்துவிட்டு புரோமின் போட்டாலும் தாங்கும், ஆனால் கூடிப்போனால் மின்சாரம் குறைந்துவிடும். இரண்டு வருடமாக இப்படிக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. ஆய்வகத்தில் தாங்கிய கலவை ஆரணி வெயிலில் தாங்குமா என்று பார்க்க, விடுமுறைக்கு வந்தபோது ஆறு துண்டுகளை வீட்டு மாடியில் வைத்திருந்தேன்.

அண்ணி ஈரத்துணியோடு மேலே வந்தார். எங்கள் விசைத்தறிக்காக மாடியில் போட்ட சோலார் பலகைகளை வாரம் ஒருமுறை கழுவச் சொல்லியிருந்தார்கள். அவற்றைக் கழுவும்போது, என்னுடையதிலும் தூசி படிந்திருக்கிறதே என்று இதையும் தேய்த்துக் கழுவியிருக்கிறார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே துணியைப் பார்த்தேன். லேசான மஞ்சள். அவர் விரல் நுனியிலும்.

அந்த மஞ்சளில் இருப்பது ஈயம், உடம்பில் சேர்ந்தால் விஷம். அண்ணிக்கு ஐந்தாம் மாதம்.

ஐயோ! சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவ வைத்தேன். வாயில் கை வைத்தீர்களா, ஏதாவது சாப்பிட்டீர்களா என்று நச்சரித்தேன். அதற்குப் பிறகுதான் ஈயம் என்ற வார்த்தையைச் சொன்னேன். அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வைக்க விடமாட்டார்களே. அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஈரம் புகாமல் அந்தத் துண்டின் மேல் ஒட்டியிருந்த மூடி பெயர்ந்துபோனது இரண்டு நாளாகவே எனக்குத் தெரியும். மூடாமலே என் கலவை எத்தனை நாள் தாங்குகிறது பார்ப்போமே என்று விட்டுவைத்திருந்தேன்.

அண்ணன் உடனே வண்டியை எடுத்தார். டாக்டர் ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை அந்தப் படலத்தில் இருந்த ஈயத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். மிகமிகக் குறைவு. ஒவ்வொரு தடவையும் அதே விடைதான். அண்ணி வயிற்றில் கை வைத்தாலே மறுபடியும் முதலிலிருந்து போடுவேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, அண்ணியிடம் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் மறுபடியும் கலவையைப் பற்றித்தான் பேசினேன். எல்லாவற்றையும் தாங்குகிறதா என்று சோதித்துப் பார்க்கத்தான் மாடியில் வைத்தேன் என்றேன்.

அண்ணி கோபப்படவில்லை.

"வெயிலு பட்டா இன்னா ஆவும், மழ பட்டா இன்னா ஆவும்னு தெனம் போயி பாத்துகினு இருந்தீங்களே தம்பி. நான் தொட்டா எனக்கு இன்னா ஆவும்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?"

இல்லை அண்ணி, என்றேன்.