இறக்கம் பார்த்து நின்ற கார்

எங்கள் மலையில் பழைய கார் வைத்திருக்கும் எவனும் அதை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவான். செல்ஃப் அடித்துப் பிடிக்காவிட்டால் பிரேக்கை விட வேண்டியது, உருளும்போது கிளட்சை விட வேண்டியது, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். இதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நானும் பத்து வருடம் நினைத்திருந்தேன். சுத்த மடத்தனம்.

என்னுடையது தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதிய கிளாக்கரய்யா ஓய்வுபெற்றுப் போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போன கார். என்னைவிட மூத்தது. கோயில் மைதானம் மாதிரி சமதரையில் ஒரு ராத்திரி நின்றால் போதும், மறுநாள் அடம்பிடிக்கும். மஸ்கெலியா டவுனில் வண்டி ரிப்பேர் பார்க்கும் கராஜ் பாஸ் ஒவ்வொரு தடவையும் ஒன்றை மாற்றினார். பிளக், காயில், பெட்டரி. பெட்ரோல் பக்கம் கையே வைக்கவில்லை. அவர் கராஜ் வாசலும் இறக்கம்தான், அங்கே கார் ஒரே அடியில் கிளம்பும். "வண்டிக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று பல்லைக் காட்டுவார்.

உண்மையைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. "எறக்கத்துல நின்னா சத்தமில்லாம கெளம்புதுங்க. மத்த எடத்துலதான் மக்கர் பண்ணுது. பெட்ரோல் பின்னால எறங்கிப் போயிருதோ என்னமோ" என்றாள். கொழுந்து பறிக்கிறவளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அப்படிக் கேட்ட என் வாயில் இப்போதும் அறையத் தோன்றுகிறது.

அவளுக்கு இடது கண்ணில் அழுத்தம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குள் வார்டில் இருக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் நான் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தபோது, கார் திருப்புகிற இடத்தில் திருவிழாப் பந்தல் போட்டிருந்தார்கள். மேலே பெக்டரி வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்திருக்கலாம். சோம்பேறி நான், ஒரு ராத்திரிதானே என்று மூக்கை மேட்டுக்கு வைத்தே விட்டுவிட்டேன்.

விடிந்தும் விடியாமலும் செல்ஃப் அடித்தேன். கத்தியது, பிடிக்கவில்லை. பின்னுக்கு உருட்டி ரிவர்ஸில் விட்டுப் பார்த்தேன். பிளக் நான்கையும் கழற்றித் துடைத்தேன். "ஆட்டோ ஒண்ணு கூப்பிடுவோமா?" என்றாள். "இந்தா, இப்ப பிடிச்சிரும்" என்றேன். "பெட்ரோல் வருதான்னாவது பாருங்களேன்." "நீ வாய மூடிக்கிட்டு உக்காரு!" லயமே வெளியே வந்து பார்த்தது.

ஒன்றரை மணி நேரம் போன பிறகுதான் கார்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, வேடிக்கை பார்த்த ஒரு பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது, ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை. கார்பரேட்டரும் காய்ந்து கிடந்தது. டிக்கியில் ஒரு போத்தலில் வைத்திருந்த பெட்ரோலை அதில் ஊற்றினேன். ஒரே அடியில் கிளம்பியது. பெட்ரோல் பம்ப்பின் வால்வு பிடிக்கவில்லை. மூக்கு மேலே இருந்தால் பெட்ரோல் எல்லாம் பின்னால் உள்ள டேங்குக்கே ஓடிவிடும், கீழே இருந்தால் தானாக எஞ்சினுக்கு வரும். அவள் சொன்னது அப்படியே.

நாங்கள் போய்ச் சேர ஒன்பதரை. அன்றைய ஒப்பரேஷன் பட்டியல் எழுதி முடிந்துவிட்டது என்று நர்ஸ் சிங்களத்தில் சொன்னார். அடுத்த தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போயிற்று. அந்தத் தேதியில் பஸ்ஸில்தான் போனோம். அதற்குள் அந்த இடது கண் இருண்டுவிட்டிருந்தது. டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, போன பார்வை இனித் திரும்பாது என்றார்.

அந்த வால்வு கட்டைவிரல் நகம் அளவுதான். அரை மணி நேரத்தில் நானே மாற்றினேன். கார் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் கிளம்புகிறது.

அவள் இப்போதும் என் இடது பக்கத்தில்தான் உட்காருகிறாள். இறங்கும்போது கதவைத் திறந்துவிட்டு, காலை வெளியே வைக்காமல், "இந்தப் பக்கம் பள்ளமாங்க, தரையாங்க?" என்று கேட்கிறாள். நான் சுற்றிப் போய்க் கையைப் பிடிக்கிறேன்.