சிறி மாமாவின் ஜோர்ஜியாப் பயணம்

கணேசலிங்கம் மகளை நேரில் பார்த்துப் பதின்மூன்று வருடமாகியிருந்தது. 2012இல் அவர் படகேறியபோது சயந்தினிக்குப் பதினொரு வயது. "ரெண்டு வருசம் பொறு. அதுக்குள்ள உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டிடுவன்" என்று மனைவி யோகாவிடம் சொல்லிவிட்டு வந்தவர்.

சிட்னியில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் தற்காலிக விசா. ஒன்று முடிய இன்னொன்று. அந்த விசாவில் குடும்பத்தைக் கூப்பிட வழியில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வரவும் ஏலாது. நாலு வருடத்துக்கு முன்னால் யோகா குசினிக்குள் விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. கணேசலிங்கம் செத்தவீட்டை வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில், ஃபோனில் பார்த்தார். உறைந்த மீனும் இறைச்சியும் அடுக்கும் களஞ்சியத்தில் அவருக்கு வேலை. அரை மணித்தியால இடைவேளை முடிந்ததும் தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு திரும்பவும் குளிருக்குள் போனார்.

நிரந்தர விசா ஒருவழியாக வந்து, அவர் பேப்பர்களைச் சேர்த்து லோயரிடம் போனபோது சயந்தினிக்கு இருபத்திமூன்று தாண்டியிருந்தது. "இனி அவ பிள்ளைக் கணக்கில வரமாட்டா அங்கிள்" என்றார் லோயர்.

அப்போது அவள் ஜோர்ஜியாவில் டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ரஷ்யாவுக்குக் கீழே இருக்கும் சின்ன நாடு அது. எங்கள் பிள்ளைகள் பலர் அங்கே போய்ப் படிக்கிறார்கள். அனுப்பிப் படிப்பித்தது கணேசலிங்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஃபோன் எடுப்பார். அவள் "ஓம்", "இல்லை", "எக்ஸாம் இருக்கு, பிறகு கதைக்கிறன்" என்பாள். போன புரட்டாசியில் பத்து நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் புறப்பட்டார். சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் அவரோடு அறையெடுத்திருந்த ஜெயரட்ணம்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவர்.

தலைநகர் திபிலீசியின் விமான நிலையத்தில் சயந்தினி அவருடைய பெட்டியை வாங்கிக்கொண்டாள். கட்டிப்பிடிக்கவில்லை. யோகாவின் நெற்றி, யோகாவின் நடை. முதல் இரண்டு நாளும் நேரத்துக்குச் சமைத்துப் போட்டாள், குளிருக்குப் போர்வை எடுத்து வைத்தாள். என்ன கேட்டாலும் பதில் சொன்னாள். அவள் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பழைய தேவாலயங்களையும் ஒரு குகை நகரத்தையும் பார்க்க, வழிகாட்டியோடு போகிற ஒருநாள் பயணத்துக்கு இடம் பிடித்திருந்தாள். காலையில் மினிபஸ்ஸுக்காக நிற்கும்போது சொன்னாள்.

"சுஜீதனும் வாறார். நாங்கள் கலியாணம் செய்யப்போறம்."

கணேசலிங்கத்துக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. "நல்லது பிள்ளை. ஏன் முந்தியே சொல்லேல்லை?"

"இன்னொண்டு இருக்கு. அவருக்கு முன்னால என்னைப் பிள்ளை எண்டு கூப்பிட்டாலும் பரவாயில்லை, அப்பா எண்டு மட்டும் காட்டிக்கொள்ளாதேங்கோ. அவுஸ்திரேலியாவில இருந்து என்னைப் படிப்பிக்கிற மாமா எண்டு சொல்லியிருக்கிறன். அம்மாவின்ர ஒண்டுவிட்ட அண்ணன். சிறி மாமா."

"அப்ப அப்பா?"

"கடல்ல செத்திட்டார்."

அவர் அவளையே பார்த்தபடி நின்றார்.

"அம்மாவின்ர செத்தவீட்டில எல்லாரும் கேட்டவை, தகப்பன் எங்க, தகப்பன் வரேல்லையோ எண்டு. இஞ்ச வந்த இடத்திலயும் கேட்டவை. இருக்கிறார், ஆனா வரமாட்டார் எண்டு ஒவ்வொருத்தருக்கும் விளங்கப்படுத்துறதைவிட, இல்லை எண்டு சொல்லுறது எனக்கு லேசா இருந்தது. சுஜீதன் வீட்டுக்கும் அப்பிடித்தான் தெரியும். இப்ப மாத்தினா என்னைப் பொய்க்காரி எண்டுவினம்."

மினிபஸ் வந்து நின்றது. உள்ளேயிருந்து சுஜீதன் குதித்து இறங்கினான். ஒல்லியான, கலகலப்பான பொடியன். "மாமா! உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள்" என்று இரண்டு கையாலும் அவருடைய கையைப் பிடித்தான். கணேசலிங்கம் சயந்தினியைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி. சிறி" என்றார்.

வழிகாட்டியாக வந்த நினோ என்ற பெண் மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் ஒரு மலையுச்சித் தேவாலயம், ஆயிரத்து நானூறு வருடம் பழசு. கீழே இரண்டு ஆறுகள் கூடுகின்றன; ஒன்றின் நிறம் மண், மற்றதன் நிறம் பச்சை. சுஜீதன் படம் எடுத்துத் தள்ளினான். "மாமாவும் நீயும் நில்லுங்கோ" என்றான். இருவரும் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இன்னொருவர் நிற்கக்கூடிய இடம் இருந்தது.

அடுத்தது ஊருக்குள் இருக்கும் பெரிய தேவாலயம். உள்ளே ஒரு கலியாணம் நடந்துகொண்டிருந்தது. பாதிரியார் மாப்பிள்ளை, பொம்பிளை இருவரின் தலையிலும் கிரீடம் வைத்தார். சயந்தினி தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு இரண்டு மெழுகுதிரி வாங்கினாள். சுஜீதன் கணேசலிங்கத்தின் காதருகில் குனிந்தான்.

"எந்தக் கோயிலுக்குப் போனாலும் இப்பிடித்தான் மாமா. அம்மாவுக்கு ஒண்டு, அப்பாவுக்கு ஒண்டு."

சயந்தினி திரும்பினாள். அவர் நிற்பதையும் சுஜீதன் பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டாள். ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு இரண்டு திரியையும் கொளுத்திப் பக்கத்தில் பக்கத்தில் குத்தினாள். கணேசலிங்கம் வெளியே வந்து முற்றத்துச் சுவரில் சாய்ந்துகொண்டார். மூச்சு முட்டுகிறது, படி ஏறியதால் என்று நினோவிடம் சொன்னார். அங்கே படியே இல்லை.

மத்தியானம் குகை நகரம். மரமில்லாத ஒரு பாறைக் குன்று முழுவதையும் குடைந்து வீடு, சந்தை, வைன் ஊற்றி வைக்கும் குழி என்று ஒரு ஊரையே செய்திருந்தார்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்த இடம், இப்போது பல்லிதான் ஓடித் திரிகிறது. சயந்தினி நினோவோடு மேலே போனாள். கணேசலிங்கத்துக்கு முழங்கால் நொந்தது. கூரை பாதி இடிந்த ஒரு மண்டபத்து நிழலில் இருந்தார். சுஜீதன் அவருக்குத் துணையாக நின்றுவிட்டான்.

"மாமா, ஒண்டு கேக்கலாமோ? சயந்தினியின்ர அப்பா எப்பிடிப்பட்ட மனுசன்? அவள் வாயே திறக்கிறாளில்லை."

கணேசலிங்கம் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"கெட்டவன் எண்டு சொல்ல ஏலாது. அந்த நேரம் பயந்துபோய் இருந்தவன். முதல்ல தான் போய்ச் சேர்ந்தா, பிறகு எல்லாரையும் எடுக்கலாம் எண்டு நினைச்சிட்டான்."

"அவளில பட்சமோ?"

"பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போவான். இறங்கமாட்டன் எண்டு அடம்பிடிப்பாள்."

சுஜீதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தை மாசம் யாழ்ப்பாணத்தில கலியாணம். அவளின்ர கையைப் பிடிச்சுத் தர ஒருத்தரும் இல்லை. நீங்கள் வந்து தகப்பன் ஸ்தானத்தில நிக்கவேணும் மாமா."

அகதிக்குக் கொடுக்கிற பயணப் பத்திரத்தில் கணேசலிங்கம் போகக்கூடிய நாடுகளில் அந்த ஒரு நாடுதான் இல்லை. ஆனால் அதைச் சொல்லப்போனால் ஏன், எப்படி என்று எல்லாம் வரும்.

"தையில எங்களுக்கு லீவு தரமாட்டாங்கள் தம்பி" என்றார்.

பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் சுஜீதன் தேத்தண்ணி வாங்கப் போனான். சயந்தினி பக்கத்தில் வந்தாள்.

"என்ன கேட்டவர்?"

"அப்பாவைப் பற்றி."

"என்ன சொன்னனீங்கள்?"

"கெட்டவன் இல்லை எண்டு."

அவள் தலையாட்டினாள். அது சரியென்றா, போதுமென்றா, தெரியவில்லை.

"கலியாணம் முடிஞ்ச பிறகாவது அவனிட்டச் சொல்லுவியோ பிள்ளை?"

"இல்லை."

"பிள்ளை குட்டி பிறந்த பிறகு?"

"எனக்கு உங்களில கோவம் இல்லை. கோவம் இருந்திருந்தா எப்பவோ சண்டை பிடிச்சிருப்பன்" என்றாள். "எனக்கு ஒண்டும் இல்லை. அதுதான் பிரச்சினை. சொல்லுவன் எண்டு உங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது."

மிச்ச நாட்களில் அவள் முன்போலவே சமைத்துப் போட்டாள். விமான நிலையத்தில் சுஜீதன்தான் காலில் விழுந்து கும்பிட்டான். அவளும் அவனோடு சேர்ந்து குனிந்தாள். மாமாவிடம் ஆசீர்வாதம் வாங்குவதுபோல.

மார்கழியில் கலியாணக் காட் வாட்ஸ்அப்பில் வந்தது, அனுப்பியது சுஜீதன். 'காலஞ்சென்ற கணேசலிங்கம், காலஞ்சென்ற யோகா தம்பதிகளின் ஏக புத்திரி' என்று தங்க எழுத்தில் இருந்தது. கணேசலிங்கம் அதை இரண்டு தரம் வாசித்தார். 'வாழ்த்துக்கள்' என்று பதில் போட்டார். அதை ஜெயரட்ணத்துக்குக் காட்டவில்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டபோது, "சுகமா இருக்கிறாள்" என்றார்.

கலியாணம் ஒரு சனிக்கிழமை. அன்று சிட்னியில் நாற்பது பாகை வெயில். கணேசலிங்கம் ஜெயரட்ணத்தையும் கூட்டிக்கொண்டு தமிழ்க் கடைகள் இருக்கும் ஹோம்புஷுக்கு ரயிலில் போய், ஒரு சாப்பாட்டுக் கடையில் பாயாசத்தோடு வாழையிலைச் சாப்பாடு சொன்னார்.

"என்ன காணும் விசேஷம்?"

"ஒண்டுமில்லை. பசிச்சது."

ஆனால் இரண்டு பிடிக்கு மேல் இறங்கவில்லை. சாப்பாடு சரியில்லையா அங்கிள் என்று பரிமாறிய பெண் கேட்டாள். நல்லாயிருக்கு என்றார். இலையை மடித்துவிட்டு, ஜெயரட்ணம் சாப்பிட்டு முடியும்வரை கைகழுவாமல் இருந்தார்.